நூல் போடும் கை

மூளையை மெல்லிய வில்லைகளாக அறுத்து, நிறமில்லாத ஒரு மருந்து நீரில் போட்டு, வெதுவெதுப்பாகக் கொஞ்ச நேரம் வைத்திருந்தால், உயிரோடு இருக்கும் பகுதி செங்கல் நிறத்துக்கு வரும். செத்துப்போன பகுதி வெள்ளையாகவே நிற்கும். அந்த வெள்ளை பெரியதா சிறியதா என்பதுதான் அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் பிழைப்பு. மருந்து கொடுத்த எலியின் மூளையில் வெள்ளை சிறுத்திருந்தால் டீக்கு மேல் டீ வரும். பெருத்திருந்தால் அன்றைக்கு யாரும் யாரோடும் பேசமாட்டார்கள்.

அந்த வெள்ளையை உண்டாக்குவது நிதானத்தின் வேலை.

நிதானம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. எலிகள் இருக்கும் அறைகளைப் பார்த்துக்கொள்கிறவர் வைத்தது. அவரையே எல்லோரும் எலிமாமா என்றுதான் கூப்பிடுவார்கள், ஆகவே பட்டப்பெயர் வைக்கும் உரிமை தனக்கு உண்டு என்பது அவர் கட்சி. "இவன் கையுறை மாட்டி முடிக்கறதுக்குள்ள எலி குட்டி போட்டுடும்" என்பார். நிதானம் சிரித்துக்கொண்டே இரண்டாவது கையுறையை விரல் விரலாக இழுத்துவிடுவான்.

அவனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு. படிப்பு ஏறியது, உட்கார்ந்து படிக்கத்தான் வசதியில்லை. பெற்றோர் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அக்காவும் தம்பியும்தான் வீடு. அக்கா பள்ளிச் சீருடை தைத்தாள். தம்பி பள்ளி இறுதி வகுப்போடு நிறுத்திக்கொண்டு, கைபேசி பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்தான். பூதக்கண்ணாடிக்கு அடியில், முடியைவிட மெல்லிய கம்பிகளைப் பற்றவைக்கும் வேலை. மற்ற பையன்கள் ஊதித் தள்ளிவிட்டுப் போகிற மின்சுற்றுப் பலகையை இவன் மறுபடி எடுத்துப் பார்ப்பான். கடைக்காரருக்கு எரிச்சலாக வரும், ஆனால் இவன் கைபட்ட கைபேசி திரும்பி வந்ததில்லை.

ஒருநாள் ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியில் விளக்கு எரியவில்லை என்று கூப்பிட்டார்கள். போனான், சரிசெய்தான், சரியாயிற்றா என்று குனிந்து பார்த்தான். கண்ணாடிக்கு அடியில் மயக்கத்தில் இருந்த ஒரு எலியின் கழுத்து திறந்திருந்தது. ரத்தக்குழாய் துடித்துக்கொண்டிருந்தது. பயந்து பின்வாங்குவான் என்று பார்த்தால், "இந்த இடுக்கி நுனி வளைஞ்சிருக்கு மேடம், இதை வெச்சு எப்படிப் பிடிக்கறீங்க?" என்று கேட்டான். ஆய்வுக்கூடத் தலைவியான மேடம் அவனை ஒரு நிமிடம் பார்த்தார். அடுத்த மாதமே அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

வேலை இதுதான். மனிதர்களுக்குப் பக்கவாதம் வரும்போது மூளைக்குப் போகும் ஒரு ரத்தக்குழாய் அடைபடுகிறது. அதையே எலிக்கு நடத்திப் பார்க்க வேண்டும். எலியை மயக்கி, கழுத்தில் சின்னதாக வெட்டி, ரத்தக்குழாய்க்குள் ஒரு நைலான் நூலை விடவேண்டும். நூலின் நுனி ரப்பர் பூசி மழுங்க வைத்தது. அது குழாயோடு மேலே போய்ப் போய், மூளைக்குள் கிளை பிரியும் இடத்தில் லேசாகத் தடுக்கும். அங்கே நிறுத்தவேண்டும். தடுக்குவதற்கு முன்னால் நிறுத்தினால் அடைப்பு ஏற்படாது. தடுக்கிய பிறகு இம்மியளவு தள்ளினாலும் குழாய் கிழிந்து எலி செத்துவிடும். கொஞ்ச நேரம் அடைத்து வைத்துவிட்டு நூலை உருவி ரத்தத்தை மறுபடி ஓடவிடவேண்டும்.

முதல் சில மாதங்கள் அவன் தொட்டதெல்லாம் செத்தது. வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பான்.

"விட்டுட்டு வந்துடேன்டா, கைபேசிக் கடை எங்க ஓடிப்போச்சு?" என்றாள் அக்கா.

"விட்டுட்டா செத்ததெல்லாம் சும்மா செத்த மாதிரி ஆயிடும்க்கா."

அவன் தோதான கண்ணாடிக் குழாய் ஒன்றை வாங்கிவந்து, விடுமுறை நாட்களில் அதற்குள் நூல்விட்டுப் பழகினான். தையல் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, விரலுக்கு மட்டும் தெரிகிற அந்தத் தடுக்கலைத் தேடினான். ஒருநாள் அது விரலுக்குப் பிடிபட்டுவிட்டது. அதன்பிறகு அவன் கையில் எலி செத்தது அபூர்வம். வீணாக ஒரு உயிரும் போகக்கூடாது என்பது அவன் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் அவன் ஒவ்வொரு நூலையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டால் யாருக்கும் புரியும்.

அவன் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆனபோதுதான் புயலின் மருந்து மறுபரிசோதனைக்கு வந்தது.

புயல் என்பது ஆராய்ச்சி மாணவி. இதுவும் எலிமாமா வைத்த பெயர்தான். அவள் நடந்தால் காகிதம் பறக்கும், பேசினால் முற்றுப்புள்ளி இருக்காது. நிதானத்தை அண்ணே என்று கூப்பிடுவாள். காலையில் அவன் மேசையைத் தாண்டும்போதெல்லாம், "அண்ணே, முதல் கையுறை போட்டாச்சா, இல்ல மதியம் வரட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள்.

அவளுடைய மருந்தை அவன் அக்காவுக்கு இப்படி விளக்கினான். "ஒரு தெருவுல ஒரு வீடு தீப்பிடிச்சு எரிஞ்சுபோச்சுன்னு வெச்சுக்க. அந்த வீட்டை இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா அக்கம்பக்கத்து வீடெல்லாம் உடனே எரியாது. புகைஞ்சுக்கிட்டே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா, மணிக்கணக்கா, சிலது நாள்கணக்கா. மூளையிலயும் அப்படித்தான். நடுவுல இருக்கற செல்லு உடனே செத்துடும். சுத்தியிருக்கறது சாகறதா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கும். அந்தச் சுத்துவட்டத்தைக் காப்பாத்தறதுக்குத்தான் இந்த மருந்து."

"காப்பாத்துதா?"

"அந்தப் பொண்ணு செஞ்சப்ப காப்பாத்தியிருக்கு. பாதி வெள்ளைகூட இல்லையாம்."

அது அவள் தன் கையாலேயே செய்த ஆய்வு. அப்போது ஆய்வுக்கூடம் பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில், எப்போதும் சில்லென்று இருக்கும் ஒரு நீள அறையில் இருந்தது. இப்போது புதுக் கட்டடம் வந்துவிட்டது. கண் விழிக்கும் எலிகளை வைக்க வெதுவெதுப்பான கண்ணாடிப் பெட்டிகள் வந்துவிட்டன. மருந்தை மனிதர்களுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் முதலில் இன்னொருவர் கையால் அதே முடிவு வரவேண்டும் என்றார் மேடம். இன்னொருவர் கை என்றால் நிதானத்தின் கை.

இரண்டு பாட்டில்கள் வந்தன. ஒன்றுக்குச் சிவப்பு மூடி, ஒன்றுக்கு நீல மூடி. ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் உப்புநீர். எது எது என்று மேடத்துக்கு மட்டும்தான் தெரியும். நிதானம் நூல் போடுவான், புயல் ஊசி போடுவாள், மறுநாள் மூளையை எடுத்து அவளே சாயமேற்றுவாள். எந்த மூடிக்கு வெள்ளை சிறுத்திருக்கிறது என்று கடைசியில் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

கடைசி எலியின் வில்லைகளும் நிறம் ஏறி முடிந்தபோது, புயல் எல்லாத் தட்டுகளையும் வெள்ளைத் துணிமேல் வரிசையாக வைத்தாள். ஒரு பக்கம் சிவப்பு மூடி, ஒரு பக்கம் நீல மூடி. இரண்டு பக்கமும் ஒரே அளவு வெள்ளை. பெரிய வெள்ளை. எதில் மருந்து என்று மேடம் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. எதிலிருந்தாலும் அது ஒன்றும் செய்யவில்லை.

வழக்கமாக நூறு வார்த்தை பேசுகிறவள் அன்றைக்கு எண்ணி எண்ணிப் பேசினாள்.

"அண்ணே, நூல் சரியாத்தான் போச்சா?"

"போச்சேம்மா."

"இல்ல, கொஞ்சம் அதிகமா உள்ள போயிருந்தா, குழாய்ல காயம்பட்டு எல்லாமே செத்திருக்கும். அப்புறம் மருந்து எங்கேர்ந்து காப்பாத்தும்?"

"தடுக்கின இடத்துல நிறுத்திட்டேன்."

"அது உங்க விரலுக்குத்தானே தெரியும். எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே சங்கடமாக இருந்தது போலிருக்கிறது, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த நாள் மேடம் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். "அவ சொல்றதை ஒரேயடியாத் தள்ளவும் முடியல. தேவைப்பட்டா இதையே வெளியில ஒரு கூடத்துக்கு அனுப்பி அங்க செய்யச் சொல்லலாம்னு இருக்கேன். நீங்க வருத்தப்படக்கூடாது."

அவன் வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். அன்று மாலை வீட்டுப் படியேறும்போதே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. நடந்ததைக் கேட்டதும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"யாரு, அந்தப் புயலா? எவ்வளவு திமிரு பாரு. உன் கையைச் சந்தேகப்படறதுக்கு அவ யாரு? அவ கையால செஞ்சப்ப மட்டும் ஆண்டவனே வந்து நூல் போட்டானா?"

"சும்மா இரேன்க்கா. அவ கேட்டதுல தப்பில்ல."

"தப்பில்லையா?"

"என் கை தப்புன்னு தெரிஞ்சா நல்லதுதான்" என்றான் அவன். அக்கா ஊசியைத் துணியில் குத்தியபடியே நிறுத்திவிட்டாள். அவன் பொறுமையாக விளக்கினான். "யோசிச்சுப் பாரு. தப்பு என் கையில இருந்தா, அந்த மருந்து பொழைச்சுக்கும். நான் திருத்திக்கலாம், மறுபடி செய்யலாம். தப்பு என் கையில இல்லேன்னா மருந்து பொய். அந்தப் பொண்ணோட இத்தனை வருஷம் போச்சு. எத்தனை ஜனத்துக்கு உதவும்னு நெனைச்சிருந்தோம், அதுவும் போச்சு. அதனால என் தப்பைக் கண்டுபிடிச்சே ஆகணும்."

தன் கையில் குற்றம் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் குற்றத்தைத் தேடப் புறப்பட்டான்.

முதலில் நூல்கள். அந்த ஆய்வுக்குப் பயன்படுத்தியவை எல்லாவற்றையும் தனியே எடுத்து வைத்திருந்தான். ஒவ்வொன்றின் நுனியையும் நுண்ணோக்கியில் அளந்தான். ரப்பர் பூச்சு ஒன்றில்கூட தடிக்கவில்லை, உரியவில்லை. அடுத்து, எலியின் மண்டையோட்டின் மேல் ஒரு சின்னக் கருவி ஒட்டியிருப்பார்கள், மூளையில் ரத்தம் ஓடுவதை அது திரையில் கோடாகக் காட்டும். நூல் போய் அடைக்கும் நொடியில் கோடு சரிந்து தரைக்கு வரும், உருவியதும் எழும். அந்தக் கோடுகளையெல்லாம் மேடத்திடம் எடுத்துப்போய், "இது யாரு செஞ்சதுன்னு சொல்லாம, இதே வேலை தெரிஞ்ச வேற யார்கிட்டயாவது காட்டுங்க" என்று கேட்டுக்கொண்டான். மேடம் காட்டினார். எல்லாம் ஒரே மாதிரி, ஒழுங்காக இருக்கின்றன என்று பதில் வந்தது. பிறகு மூளைகளின் அடிப்பக்கம். நூல் கிழித்திருந்தால் அங்கே ரத்தம் கட்டியிருக்கும். எடுத்து வைத்திருந்த படங்களை ஒன்றுவிடாமல் பார்த்தான். ஒன்றில்கூட ரத்தக்கட்டு இல்லை.

எலிமாமா கூண்டுகளுக்குத் தண்ணீர் புட்டி மாற்றிக்கொண்டே கேட்டார். "ஏம்பா, மத்தவன் தன் தப்பை மூடி மறைக்கத்தான் இவ்வளவு பாடுபடுவான். நீ தோண்டி எடுக்கறதுக்குப் பாடுபடறே. கிடைச்சா எனக்கும் சொல்லு, ஃப்ரேம் போட்டு மாட்டலாம்."

"கிடைக்க மாட்டேங்குது மாமா."

"கிடைக்கலைன்னா வருத்தப்படற ஒரே ஆளு நீதான்."

வேறு வழி ஒன்று இருந்தது. அது அவனுக்குத் தெரியாமலில்லை. மேடத்திடம் போய், "ஆமா மேடம், அன்னைக்குக் கை கொஞ்சம் நடுங்கிச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். புயலின் மருந்து நிற்கும். அவள் முகம் மலரும். இவனை யாரும் வேலையைவிட்டு அனுப்பப் போவதில்லை, கூண்டு கழுவுவதற்காவது வைத்துக்கொள்வார்கள். ஒரு மதியம் முழுக்க அந்த வார்த்தையை நாக்கில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் மருந்து மேலே மேலே போகும். கடைசியில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில், வாய் கோணிப் படுத்திருக்கும் யாரோ ஒருவர் கையில் ஏறும். அவர் மகளும் மகனும் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதில் ஒன்றும் இல்லையென்றால்? எலிகளும் சும்மா செத்தவைதான், மனிதர்களும் சும்மா நம்பியவர்கள்தான். எழுந்து பின்பக்கத் தூசியைத் தட்டிக்கொண்டு மேடம் அறைக்குப் போனான்.

"மேடம், தேடிப் பார்த்துட்டேன். கை சரியாத்தான் இருக்கு" என்றான். குரல் உயரவுமில்லை, தாழவுமில்லை. "ஆனா அந்தப் பொண்ணு செஞ்சதும் பொய்யா இருக்காது. அது அப்படிப்பட்ட பொண்ணு இல்ல. அதனால ஒண்ணு கேக்கறேன். அவ எங்க செஞ்சாளோ, எப்படிச் செஞ்சாளோ, அதே பழைய ரூம்ல, அதே மாதிரி, என் கையால ஒருதடவை செஞ்சு பாக்கணும். அங்கயும் வரலேன்னா என்னை மாத்திடுங்க. வந்துடுச்சுன்னா, கோளாறு எங்கயோ இருக்கு, என்கிட்ட இல்ல."

"இன்னும் எலி வேணும்னு கேக்கறீங்க. நீங்களா கேக்கறீங்க?" என்றார் மேடம்.

"குறைச்சலாத்தான். இதைச் செய்யலேன்னா முன்னாடி போனது எல்லாம் வீணாயிடும் மேடம்."

மேடம் பேனாவை மூடினார். "சரி. ரெண்டு பாதியாப் பிரிச்சுச் செய்யுங்க."

பழைய அறையைத் திறந்து தூசி தட்டினார்கள். சுவரோரம் நீள மேசை, தலைக்கு மேலே குளிர்காற்று விடும் பெட்டி. அது இன்னும் ஓடியது, முன்னைப் போலவே ஓடியது. புயல் எதிர்ப்பு எதுவும் சொல்லவில்லை. சொல்லப்போனால், அன்று கேட்ட கேள்விக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், அவன் கேட்காமலேயே டீ வாங்கிவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். தான் அப்போது செய்ததை நினைவுபடுத்திப் படிப்படியாகச் சொன்னாள். அறுவை முடியும்வரை எலி சூடான மெத்தைமேல் இருக்கும். ஆசனவாயில் வெப்பமானி இருக்கும். தையல் போட்டதும் வெப்பமானியை எடுத்துவிட்டு, எலியைச் சாதாரணக் கூண்டில் மேசைமேல் விட்டுவிடுவாள். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். அதே சிவப்பு மூடி, அதே நீல மூடி. நிதானம் அதே நிதானத்தோடு நூல் போட்டான்.

முதல் பாதியின் மூளைகள் சாயத்திலிருந்து வெளியே வந்தபோது புயல் தட்டுகளை வரிசையாக வைத்தாள். சிவப்பு மூடியில் வெள்ளை பெரியதாக இருந்தது. நீல மூடியில் நகத்தளவு இருந்தது. அவளுடைய பழைய படங்களில் இருந்ததைப்போலவே இருந்தது.

"வந்துடுச்சுண்ணே" என்றாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, அடக்கி வைத்திருந்த பேச்சையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். நீல மூடிதான் மருந்து, சந்தேகமேயில்லை, மேடம்கிட்ட சொல்லணும், வீட்டுக்கு ஃபோன் பண்ணணும், உங்களை நான் அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, என்னை நாலு அறை விடுங்க.

அவனுக்கும் நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. அவள் கையும் சரி, தன் கையும் சரி. சிரித்தான். ஆனால் சிரிப்பு முடிந்ததும் வழக்கம்போலத் தட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தான்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்லம்மா. சந்தோஷந்தான். ஆனா அதே பாட்டில், அதே கை. அங்க மட்டும் ஏன் வரல?"

புயலும் தட்டுகளை மறுபடி பார்த்தாள். அவனுக்குக் கேள்வி மட்டும்தான் இருந்தது. அவன் ஏதோ நுட்பத்தைக் கண்டுபிடித்துவிட்டான் என்று பின்னாளில் எலிமாமா கதை கட்டினார். அது உண்மையில்லை. கண்டுபிடித்தது புயல்தான், அதில் சந்தேகம் வேண்டாம்.

அன்று இரண்டாவது பாதி எலிகள் அறுவை முடிந்து பழைய அறையின் மேசைமேல் கூண்டுகளில் இருந்தன. அவள் அவனுடைய கேள்வியைத் தலையில் சுமந்துகொண்டு அங்கே போய் நின்றாள். நெடுநேரம் நின்றாள். புயல் நெடுநேரம் நின்றது அந்தக் கூடத்தில் யாரும் காணாத அதிசயம். பிறகு ஒரு கூண்டைத் திறந்து எலியைக் கையில் எடுத்தாள். மயக்கம் தெளிந்து, பக்கவாதம் வந்த எலிகள் சுற்றுவதுபோல் அதுவரை ஒரு பக்கமாக மெல்ல வட்டமடித்துக்கொண்டிருந்த எலி அது. வைத்தாள். அடுத்த கூண்டிலிருந்ததை எடுத்தாள். எடுத்தவள் அதை உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

தொட்டான். கையுறைக்கு மேலேயே தெரிந்தது. "சில்லுனு இருக்கு."

"முதல்ல எடுத்தது இப்படி இல்ல. வெப்பமானி குடுங்க."

ஒவ்வொன்றாக அளந்தார்கள். அவள் எண்ணைச் சொல்லச் சொல்ல அவன் கூண்டில் ஒட்டியிருந்த மூடியின் நிறத்தைச் சொன்னான். சிவப்பு மூடி எலிகள் எல்லாம் சரியான சூட்டில் இருந்தன, ஒன்றிரண்டு சற்று அதிகமாகவே. நீல மூடி எலிகள் ஒன்றுவிடாமல் குளிர்ந்து கிடந்தன. கடைசிக் கூண்டை அளந்துவிட்டு அவள் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"குளிர்ச்சிண்ணே" என்றாள். பேச்சு மெதுவாக வந்தது. "மூளை குளிர்ந்தா செல்லு சாகறது தாமதமாகும், குறையும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எனக்கும் தெரியும். பரீட்சையில எழுதியிருக்கேன். என் மருந்து மூளையைக் காப்பாத்தல. உடம்போட சூட்டை இறக்கி விடுது. மேல ஏசி வேற. குளிர்ச்சிதான் காப்பாத்துது. புது பில்டிங்ல சூடான பெட்டியில வெச்சோம், சூடு இறங்க விடல, அதனாலதான் ஒண்ணும் வரல."

"அறுவை முடியற வரைக்கும் அளந்தோமே."

"அதோட நிறுத்திட்டோம். எல்லாரும் அங்கதான் நிறுத்தறோம். அதுக்கப்புறந்தானே மருந்து வேலை செய்யுது."

நிதானத்துக்கு ஆறுதல் சொல்லும் வழக்கம் கிடையாது. அந்தக் குளிர்காற்றுப் பெட்டியை அணைக்கப் போனான்.

"அணைக்காதீங்க" என்றாள் அவள். "பாதியில மாத்தினா இந்த எலியெல்லாம் எதுக்கும் ஆகாம போயிடும். கடைசி வரைக்கும் அப்படியே முடிப்போம். நான் ராத்திரி வரைக்கும் அளக்கறேன்."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். தன் சட்டத்தை யாரிடமும் சொன்னதில்லை, இவளுக்கு யார் சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் இரண்டாம் பாதியின் மூளைகளும் அப்படியே வந்தன. எந்த எலி குளிர்ந்திருந்ததோ அதில் வெள்ளை சிறியது. மேடம் தன் மேசை இழுப்பறையைத் திறந்து சொன்னார், நீல மூடிதான் மருந்து. யாரும் ஆச்சரியப்படவில்லை.

"குளிர வைக்கறதே ஒரு வைத்தியந்தானே மேடம், மருந்தை வெச்சுக்கிட்டு அப்படிச் சொல்லிப் பார்க்கலாமே" என்று எலிமாமா கேட்டார். அவருக்குப் புயல்மேல் பாசம்.

"அதுக்கு ஐஸ் போதும்" என்றாள் புயல், மேடம் பதில் சொல்வதற்கு முன்பாகவே. "ஆஸ்பத்திரியில போர்வை போத்திப் படுக்க வைப்பாங்க மாமா. என் மருந்து போர்வைக்கு அடியில ஒண்ணும் பண்ணாது."

அன்று வீட்டில் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப உன் கை சரிதான்னு ஆயிடுச்சு" என்றாள்.

"ஆயிடுச்சு."

"சொன்னேனா இல்லையா? அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கே?"

"அந்தப் பொண்ணு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்க்கா."

அக்கா அந்தப் பெண்ணை அன்று திட்டவில்லை. கொஞ்சம் கழித்து, "கெட்டிக்காரிதான்" என்று மட்டும் சொன்னாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது சாதாரண விஷயமில்லை.

புயல் உட்கார்ந்து எழுதினாள். மருந்து வேலை செய்யவில்லை என்பதையும், ஏன் வேலை செய்வதுபோல் தோன்றியது என்பதையும், அறுவைக்குப் பிறகும் உடல் சூட்டை அளக்காமல் விட்டதுதான் பிழை என்பதையும், அந்தப் பிழை தன்னுடையது என்பதையும் எழுதினாள். அதை விளக்கிச் சொல்ல ஒரு கூட்டம் ஏற்பாடாயிற்று. வெளியிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். நிதானம் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காலையில் வேறொருவருடைய ஆய்வுக்காக நூல் போட்ட எலிகள் இரண்டு கண்விழிக்கும் நேரம். சீக்கிரம் எழுந்து போகவேண்டும்.

அவள் பேசி முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு பேராசிரியர் கையைத் தூக்கினார். சாதாரணமாகத்தான் கேட்டார், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "இந்த நூல் முறையில ஆளுக்கு ஆள் வித்தியாசம் நிறைய வரும். புதுக் கட்டடத்துல மருந்து வேலை செய்யலைன்னா, அது அறுவை செஞ்சவரோட கைக்கோளாறா இருக்கலாமில்லையா? அதை வெச்சு ஒரு நல்ல மருந்தைக் கைவிடறது சரியா?"

அறையில் பாதிப்பேர் திரும்பி யாரையோ தேடுவதுபோல் நிதானத்துக்குத் தோன்றியது. உண்மையில் யாரும் திரும்பவில்லை.

புயல் மேசை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"நானும் முதல்ல அதைத்தான் கேட்டேன் சார். அவர் முகத்துக்கு நேரேயே கேட்டேன்" என்றாள். "அவர் தன் கையில தப்பு இருக்கான்னு எங்க எல்லாரையும்விட அதிகமாத் தேடினார். ரெண்டு கட்டடத்துலயும் ரத்த ஓட்டக் கோடு ஒரே மாதிரி விழுந்திருக்கு, நீங்களே பாருங்க. அந்தக் கை கொஞ்சம் முன்னப்பின்ன இருந்திருந்தா, இந்த வித்தியாசம் கையால வந்துச்சா, சூட்டால வந்துச்சான்னு எங்களுக்கு எந்தக் காலத்துலயும் தெரிஞ்சிருக்காது. நான் இன்னும் அந்த மருந்தை நம்பிக்கிட்டு இருந்திருப்பேன். கை சரியா இருந்ததாலதான் சார் மருந்து சரியில்லைன்னு தெரிஞ்சுது."

திரையில் இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள். பேராசிரியர் முன்னால் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "சரி" என்று தலையாட்டினார்.

அதற்குப் பிறகு இன்னும் கேள்விகள் இருந்தன. நிதானம் அவற்றைக் கேட்கவில்லை. நாற்காலி சத்தம் போடாமல் எழுந்து, கதவைப் பின்னால் சாத்திவிட்டு, தாழ்வாரத்தில் நடந்தான். புதுக் கட்டடத்து அறையில் எலிமாமா கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"எப்படிப் போச்சு?"

"நல்லாப் பேசினா."

"உன்னைப் பத்தி ஏதாவது?"

"நூலைப் பத்திச் சொன்னா" என்றான் அவன். பெட்டிக்குள் ஒரு எலி முன்னங்காலை ஊன்றி எழப் பார்த்துக்கொண்டிருந்தது. நிதானம் முதல் கையுறையை எடுத்து விரல் விரலாக மாட்டினான், வெப்பமானியைத் துடைத்தான், பெட்டியைத் திறந்தான்.